கிளை உண்டு, நினைவு இல்லை

அலுவலக வேலையில் இருப்பவர்கள் பலரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தத் திரையைச் சந்தித்திருப்பார்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய கட்டாய இணையவழிப் பயிற்சி அது. (எச்ஆரிலிருந்து மூன்றாவது நினைவூட்டல் மின்னஞ்சல் வந்த பிறகுதான் அதை யாரும் திறப்பார்கள்.) திரையில் ஒரு பெண் ஊழியர். மேலாளர் இரவு நேரத்தில் தேவையில்லாத செய்திகள் அனுப்புகிறார் என்று உங்களிடம் சொல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? மூன்று பொத்தான்கள். 'கண்டுகொள்ளாதே என்பேன்.' 'நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொள்வேன்.' 'அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி சொல்லி, உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் தரலாம் என்று எடுத்துச் சொல்வேன்.' மூன்றில் நீளமானது எதுவோ அதுதான் சரி என்று கண்டுபிடிக்கச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவறானதை அழுத்தினால் ஒரு சிவப்புப் பெட்டி வந்து கண்டிக்கும். 'மீண்டும் முயல்க' என்ற பொத்தான் உங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விடும்.

தொழில்வட்டாரத்தில் இதை 'பிராஞ்சிங் சினாரியோ' என்பார்கள். கிளைவழிப் பாடம் என்று இங்கே வைத்துக்கொள்வோம். கற்பவர் எடுக்கும் முடிவுக்கேற்பக் கதை பிரிந்து போகும், அந்த முடிவின் பலனை அவரே அனுபவித்து உணர்வார் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கதைவேடம் போட்ட கொள்குறித் தேர்வு. எழுதியவருக்குக் கற்பனை போதவில்லை என்று பழியை அவர் தலையில் போடுவது சுலபம். ஆனால் ஸ்டோரிலைன், கேப்டிவேட், ரைஸ், எச்5பி, மூடுல் என்று பாடம் தயாரிக்கும் ஒவ்வொரு கருவியாகத் திறந்து பார்த்தால், கற்பவர் இப்போது எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டுவதில் இவை எல்லாம் கெட்டிக்காரக் கருவிகள் என்பது புரியும். அவர் இதுவரை என்ன செய்தார் என்பதைச் சுமந்துபோவதில்தான் இவை தடுமாறுகின்றன. பாடம் தேர்வாகச் சுருங்குவதற்குப் பெரிய காரணம் இந்தக் குறை.

கிளை பிரிக்கும் யோசனை இந்தக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது. 1950களில் அமெரிக்க விமானப்படையில் மின்னணுக் கருவிகளின் பழுது கண்டறியப் பயிற்சி தரும் பணியில் இருந்த நார்மன் கிரவுடர், பக்கங்கள் வரிசையில்லாமல் கலைந்து கிடக்கும் ஒரு பாடநூல் வடிவத்தை உருவாக்கினார். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒரு கேள்வி இருக்கும். இந்த விடை என்றால் இன்ன பக்கத்துக்குப் போ, அந்த விடை என்றால் வேறு பக்கத்துக்குப் போ. தவறான விடை சொன்னவருக்கு, அவர் ஏன் அப்படி நினைத்திருப்பார் என்று யூகித்து எழுதிய விளக்கம் கிடைக்கும். விளக்கத்தின் கீழே, பழைய பக்கத்துக்கே திரும்பிப் போய் இன்னொரு விடை தேடு என்றிருக்கும். 'டியூட்டர்டெக்ஸ்ட்' என்ற பெயரில் இவை நூல்வரிசையாகவும் வந்தன. நேர்க்கோட்டுப் பாடத்தின் முன்னோடியான பி.எஃப். ஸ்கின்னருக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. மாணவர் விடையைத் தானே உருவாக்க வேண்டும், நம்பும்படியான தவறுகளை வரிசையாக அடுக்கிக் காட்டி அதிலிருந்து பொறுக்கச் சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

1979இல் எட்வர்ட் பேக்கர்டின் 'தி கேவ் ஆஃப் டைம்' நூலோடு 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' சிறுவர் வரிசை தொடங்கியது. இங்கே ஒரு பக்கத்தில் எடுத்த முடிவை யாரும் திருத்திக் கொடுப்பதில்லை. தப்பான குகைக்குள் போனால் கதை அங்கேயே முடிந்தாலும் முடியும். இன்றைய நிறுவனப் பயிற்சிகள் பேக்கர்டின் பெயரில் விற்கப்படுகின்றன. உள்ளே இருப்பது கிரவுடரின் புத்தகம். அதிலும், கிரவுடர் அக்கறையோடு எழுதிய அந்த விளக்கத்தைக்கூட எடுத்துவிட்டு, சிவப்புப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்ட புத்தகம்.

இடையில் நல்ல வாய்ப்பு ஒன்று வந்து போனது. மைக்கேல் ஆலன் உருவாக்கி 1987இல் வெளியான ஆத்தர்வேர், பாடத்தை ஓட்டக்கோடாகக் காட்டிய கருவி. முடிவெடுக்க ஒரு சின்னம், கற்பவரின் செயலை வாங்க ஒரு சின்னம், கணக்கிட ஒரு சின்னம். மாறிகளும் செயற்கூறுகளும் அதில் ஏராளம். கற்றுக்கொள்ளக் கடினம், விலையும் அதிகம். பின்னாளில் அதன் உரிமையாளரான மேக்ரோமீடியாவை 2005இல் அடோபி வாங்கியது. 2007இல் ஆத்தர்வேரை மேம்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. அதற்குள் சந்தை வேறு பக்கம் சாய்ந்திருந்தது. பவர்பாயிண்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும் துணைநிரல்களால் எவரும் விரைவாகப் பாடம் தயாரிக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆர்ட்டிகுலேட் நிறுவனம் அந்த வழியில் வளர்ந்து 2012இல் ஸ்டோரிலைனை வெளியிட்டது. கேப்டிவேட்டோ கணினித் திரையைப் பதிவு செய்யும் மென்பொருளிலிருந்து வந்தது. இரண்டு குடும்பங்களுக்கும் அடிப்படை அலகு ஸ்லைடுதான். வேகமும் எளிமையும் கிடைத்தன, பாடத்தின் தர்க்கத்தை ஒரே பார்வையில் காட்டிய ஓட்டக்கோடு போய்விட்டது. கிளை என்பது ஒரு ஸ்லைடிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது என்று ஆகிப்போனது அப்போதுதான்.

தாவல் மட்டுமே கையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முடிவிலும் மூன்று வழி, மொத்தம் ஐந்து முடிவுகள், எந்த வழியும் எங்கும் சேர்வதில்லை என்று கொள்வோம். முடிவெடுக்கும் ஸ்லைடுகள் 1, 3, 9, 27, 81 என்று பெருகி 121 ஆகின்றன. கடைசி விளைவுகள் 243. ஆக மொத்தம் 364 ஸ்லைடுகள். கற்பவர் ஒரு தடவையில் பார்ப்பது இதில் 6. மீதி 358க்கும் எழுத வேண்டும், படம் தேட வேண்டும், குரல் பதிய வேண்டும். எந்த வாடிக்கையாளர் இதற்குப் பணம் தருவார்?

ஆகவே யாரும் முழு மரத்தைக் கட்டுவதில்லை. கிளைகளைப் பிரித்துவிட்டு அடுத்த திருப்பத்துக்கு முன்பே ஒன்றுசேர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று விளைவு ஸ்லைடுகள், பிறகு எல்லோருக்கும் பொதுவான அடுத்த முடிவு என்று வைத்தால் 364 என்பது முடிவுரையோடு சேர்த்து 21 ஆகச் சுருங்கும். தேர்வுவழிக் கதை விளையாட்டுகளின் அமைப்புகளை 2015இல் வகைப்படுத்திய சாம் கபோ ஆஷ்வெல், பிரிந்து பிரிந்து குறுகிய கழுத்தில் சேரும் இந்த வகையைத் தனியாகவே குறித்தார். இந்த வகை உயிரோடிருக்க ஒரு நிபந்தனையும் உண்டு. வழிகள் சேர்ந்த பிறகும், எந்த வழியாக வந்தோம் என்பதைக் கதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவு இல்லையென்றால் கழுத்தில் எல்லாம் அழிந்துபோகும். அதற்கு முன் நீங்கள் எதை அழுத்தியிருந்தாலும் ஒன்றுதான்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பாடத்துக்கே திரும்புவோம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காலத்துக்குள் தர முடியாத சூழ்நிலை இருந்தது என்று உள்ளகக் குழு கருதினால், காரணத்தைப் பதிவு செய்து மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இது காலத்தோடு ஓடுகிற கதை. திரையில் வந்த ஊழியர் உங்கள் தோழி என்று கொள்வோம். அவள் தயங்குகிறாள், நீங்கள் 'கொஞ்சம் பொறுத்துப் பார்' என்கிறீர்கள். அந்த நிமிடத்தில் அது நல்ல அறிவுரை போலவே தெரியும். அதையே மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொன்னால் காலக்கெடு கைநழுவும், செய்திகள் இருந்த கைபேசி மாறிப்போகும், சாட்சி வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். எந்தத் தனி முடிவும் தவறில்லை, சேர்ந்தால் தவறு. அலுவலகத்தில் நிஜமாக நடப்பது இதுதான். இதைச் சொல்லித்தர 364 ஸ்லைடு வேண்டியதில்லை. கழிந்த நாட்கள், மிஞ்சிய ஆதாரம், தோழிக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கை என்று மூன்று எண்களைக் கதை நெடுகச் சுமந்துபோனால் போதும்.

அந்த மூன்று எண்களைச் சுமக்கும் வசதி எந்தக் கருவியில் உண்டு? எச்5பியின் கிளைவழிப் பாட வகையில் இல்லை. நார்வேயில் பிறந்த இந்தத் திறந்தமூலக் கருவி படம், காணொளி, கேள்வி ஆகியவற்றை இழுத்துப்போட்டு அழகான மரம் வரைய விடும். முன்பே உள்ள ஓர் இடத்துக்குத் தாவவும் விடும். ஒவ்வொரு முடிவுரைக்கும் நீங்களே ஒரு மதிப்பெண் வைக்கலாம், இல்லை வழியில் கிடைத்ததைக் கூட்டிக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் இரண்டாம் திருப்பத்தில் செய்ததை வைத்து ஐந்தாம் திருப்பத்தில் வேறு காட்சி காட்டச் சொன்னால் கையை விரித்துவிடும். மூடுலின் 'லெசன்' பகுதியில் கிரவுடர் அப்படியே குடியிருக்கிறார். ஒவ்வொரு விடைக்கும் ஒரு தாவல், ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். ரைஸின் உரையாடல் பகுதி இதைவிடவும் எளியது, பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். சுருக்கமான ஒரு பேச்சுவார்த்தைக்கு நன்றாகவே இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஸ்டோரிலைனில் மாறிகள் உண்டு. எண், எழுத்து, ஆம்-இல்லை என மூன்று வகை. ஆகவே மேலே சொன்ன பாடத்தை அதில் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியல் வகை மாறி கிடையாது. ஒரு விதியை ஓரிடத்தில் எழுதிவிட்டுப் பல இடங்களிலிருந்து அழைக்கவும் நேரடி வழி இல்லை. 'நாட்களைக் கூட்டு, 90ஐத் தாண்டினால் அந்த ஸ்லைடுக்குப் போ' என்ற கட்டளையைப் பொத்தானுக்குப் பொத்தான் ஒட்ட வேண்டும். பிற்பாடு 90ஐ 85 ஆக்க நேர்ந்தால் அத்தனை பொத்தான்களையும் தேடிப்போக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார். அது தெரிந்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தானே இந்தக் கருவியே வாங்கப்பட்டது?

இன்னும் நுணுக்கமான தொல்லை ஒன்று உண்டு, இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகப் பழகியது. ஒரே ஸ்லைடுக்குக் கற்பவர் இரண்டாம் முறை வருகிறார். அந்த ஸ்லைடு பழைய நிலையைக் காட்ட வேண்டுமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா? ஸ்டோரிலைனில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. எதையும் தொடாமல் விட்டால் கருவியே தீர்மானித்துக்கொள்ளும். பொத்தான்களும் அடுக்குகளும் உள்ள ஸ்லைடு என்றால் பழைய நிலையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விளைவு, சுற்றிவந்த கற்பவர் முன்பு அழுத்திய பொத்தான் அழுத்தப்பட்டபடியே கிடக்கும், சில நேரம் பழைய சிவப்புப் பெட்டியும் திறந்தபடியே நிற்கும். கதை மறக்க வேண்டியதைக் கருவி நினைவில் வைத்திருக்கிறது, கதை நினைக்க வேண்டியதை மறந்துவிடுகிறது.

சரி, மாறிகளை வைத்துச் சிரமப்பட்டுக் கட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடை எல்எம்எஸ் எனும் கற்றல் மேலாண்மை அமைப்பின் வாசலில். பயிற்சி மென்பொருளும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ள இன்றும் பரவலாகப் புழங்குவது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆதரவில் பிறந்து 2001இல் வந்த ஸ்கார்ம் 1.2. அதன்படி கற்பவரைப் பற்றி எல்எம்எஸ் கட்டாயம் வாங்கிக்கொள்வது கொஞ்சம்தான்: முடித்தாரா, தேறினாரா, எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம். எதை எதை அழுத்தினார் என்று அனுப்பவும் இடமுண்டு, ஆனால் எல்எம்எஸ் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதியில் மூடிவிட்டு மறுநாள் தொடர்வதற்காகப் பாடம் எழுதிவைக்கும் குறிப்புக்கு ஒதுக்கிய இடம் 4,096 எழுத்துகள். ஸ்லைடுகளின் நிலைகளும் மாறிகளும் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய கிளைவழிப் பாடங்கள் அந்த எல்லையில் முட்டும்போது, மறுநாள் திறந்தவர் முதல் ஸ்லைடில் போய் நிற்பார். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியங்களில் ஒன்று, ஸ்லைடுகளைப் பழைய நிலையை நினைவில் வைக்காதபடி மாற்றிவிடுவது. இருக்கிற கொஞ்ச நினைவையும் அணைத்துவிடச் சொல்கிறது வைத்தியம். ஸ்கார்ம் 2004இன் பிந்தைய பதிப்புகள் இந்த இடத்தை 64,000 எழுத்துகளாக்கின. இருந்தும் ஏற்றுமதி செய்யும்போது பழைய 1.2ஐயே தேர்வதுதான் பல இடங்களில் வழக்கம். எல்லா எல்எம்எஸ்ஸிலும் ஓடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

மதிப்பெண் கணக்கு கிளைக்கு நேர்ப்பகை. ஸ்டோரிலைனில் மதிப்பெண் காட்டும் கடைசி ஸ்லைடு, வேறு அமைப்பு செய்யாவிட்டால், அதில் சேர்த்த எல்லாக் கேள்விகளையும் மொத்தத்தில் எடுத்துக்கொள்ளும். கற்பவர் போகாத கிளையில் இருந்த கேள்விக்குப் பூஜ்யம். எல்லா முடிவையும் சரியாக எடுத்தவருக்குக்கூட நூற்றுக்கு நூறு வராது. இத்தனை ஸ்லைடு பார்த்தால் முடிந்ததாகக் கொள் என்று வைத்தாலும் அதே கதி, குறுக்கு வழியில் சரியாகப் போனவர் குறைவாகப் பார்த்திருப்பார். மாற்று ஏற்பாடுகள் உண்டு, அனுபவசாலிகளுக்குத் தெரியும். மற்றவர்கள் எளிய தீர்வுக்குப் போய்விடுகிறார்கள்: எல்லோரும் எல்லாக் கேள்வியையும் பார்க்கும்படி கிளைகளையே வெட்டிவிடுவது. 2013இல் 1.0 பதிப்பாக வந்த எக்ஸ்ஏபிஐ, 'இன்னார் இன்னதைச் செய்தார்' என்ற வாக்கியங்களாக எதையும் பதிய வழி தந்தது. அந்த வாக்கியங்களை யாராவது யோசித்து எழுத வேண்டும், வாங்கிப் படிக்க யாராவது இருக்க வேண்டும். தணிக்கைக்காக நடக்கும் பயிற்சியில் இரண்டாவது ஆள் அரிது.

சோதனையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வழிகளைச் சேர்த்துக் கட்டியபோது எழுதும் வேலை 364இலிருந்து 21க்கு இறங்கியது. மாறிகளைச் சுமக்கத் தொடங்கியதும், கற்பவர் கடந்துபோகக்கூடிய பாதைகள் பழையபடி 243தான். 70ஆவது பாதையில் நாட்களின் எண்ணிக்கை தப்பாகக் கூடுகிறதா என்று பார்க்க ஒரு மனிதர் உட்கார்ந்து அழுத்த வேண்டும். தேர்வுவழிக் கதை விளையாட்டுகளை எழுதப் பயன்படும் சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற மொழியில், கணினியே கதையைத் தாறுமாறாகத் திரும்பத் திரும்ப விளையாடி எங்கே உடைகிறது என்று சொல்லும் சோதனை வசதி உண்டு. ஆண்டுச் சந்தா வாங்கும் ஸ்டோரிலைனில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. என்னைக் கேட்டால், பாத்திரங்களுக்குப் புதுப்புது முகபாவம் சேர்ப்பதைவிட இது அவசரம்.

கருவிக்கு வெளியே உள்ள கருவியையும் சொல்ல வேண்டும், அதுதான் ஸ்டோரிபோர்டு. சென்னையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்களில் அது பெரும்பாலும் வேர்டு அட்டவணை. திரையில் வரும் எழுத்துக்கு ஒரு பத்தி, குரலுக்கு ஒன்று, டெவலப்பருக்கான குறிப்புக்கு ஒன்று. அட்டவணை மேலிருந்து கீழாகத்தான் போகும். பாட வல்லுநர் அதை மேலிருந்து கீழாகத்தான் படிப்பார். கிளைகள் 'இதைத் தேர்ந்தால் 14சிக்குப் போகவும்' என்ற குறிப்புகளாக ஓரத்தில் கிடக்கும். 14சியைப் படிக்கும்போது அவருக்கு எந்த முடிவிலிருந்து அங்கே வந்தோம் என்பது மறந்திருக்கும். குழம்பியவர் 'எளிமையாக்குங்கள்' என்று எழுதி அனுப்புவார், ஒரு கிளை விழும். மொழிபெயர்ப்புக்குப் போகும்போது இன்னொரு கண்டம். உரையாடல்கள் ஸ்லைடு வரிசையில் பிரிந்து வருவதால், இது மேலாளரிடம் சொன்னதா, தோழியிடம் சொன்னதா என்பது மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. தமிழில் அது தெரியாமல் ஒரு வினைமுற்றைக்கூட முடிக்க முடியாது.

விளையாட்டு உலகம் இதில் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் இலவசம். சொற்களை எழுதியபடியே மாறிகளை வைக்கலாம், வரைபடம் தானாக வளரும். இங்கிள் நிறுவனம் 2016இல் திறந்தமூலமாக்கிய இங்க் மொழி, ஒரு பத்தியை முன்பு பார்த்தாரா, எத்தனை முறை பார்த்தார் என்பதைத் தானே எண்ணிவைத்துக்கொள்ளும். பயிற்சிப் பாடம் எழுதும் பலர் முதல் வரைவை ட்வைனில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகே ஸ்டோரிலைனுக்குப் போகிறார்கள். நல்ல பழக்கம் அது. ட்வைனில் எழுதியதை ஸ்கார்ம் பொட்டலமாக்கி மதிப்பெண் அனுப்பத் தனியாக ஒருவர் உழைக்க வேண்டியிருப்பதால், நிறுவனங்களுக்குள் அது வரைவோடு நின்றுவிடுகிறது.

இப்போது எல்லாரும் சொல்லும் பதில் செயற்கை நுண்ணறிவு. பொத்தானே வேண்டாம், கற்பவர் தன் வார்த்தையில் தட்டச்சு செய்யட்டும், மொழி மாதிரி தோழியாகப் பேசட்டும். ஸ்கின்னரின் பழைய புகாருக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது போலத்தான் இருக்கிறது. நீளமான விடையைப் பார்த்து யூகிக்கும் தந்திரம் இங்கே செல்லாது. வாடிக்கையாளர் சேவை, விற்பனை, செவிலியர் உரையாடல் போன்றவற்றுக்கு இது உண்மையிலேயே பயன்படும். சட்டப் பயிற்சிக்கு வந்தால் சிக்கல். வழக்கறிஞர் வரிக்கு வரி ஒப்புதல் தர வேண்டிய பாடத்தில், யாரும் முன்கூட்டிப் பார்க்காத வாக்கியங்களைப் பாத்திரம் பேசும். இரண்டு ஊழியர்களுக்கு ஒரே பாடம் நடந்தது என்றும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், எத்தனை நாள் கழிந்தது, ஆதாரம் மிச்சமிருக்கிறதா, எந்தக் கட்டத்தில் கதை கைமீறியது என்பதை அங்கேயும் மனிதர் ஒருவர்தான் வகுத்துத் தர வேண்டும். வகுக்காமல் விட்டால் உரையாடல் இனிமையாக நடந்து எங்கும் போய்ச் சேராது.

கருவி செய்பவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் பெரிய மரத்தை அல்ல. கதையின் நிலையை ஓரிடத்தில் அறிவித்து, அதன் விதிகளை ஓரிடத்தில் எழுதி, பாதைகளைத் தானே சோதிக்கும் வசதியைக் கேட்க வேண்டும். அது வரும்வரை பாடம் எழுதுபவர்கள் பதினைந்து மேலோட்டமான திருப்பங்களை விட்டுவிட்டு, ஒன்றின் பலன் மற்றொன்றில் தெரியும் நான்கு திருப்பங்களை எழுதலாம். மூன்று விடைகளையும் ஒரே நீளத்தில், ஒரு நல்ல மனிதர் எதை வேண்டுமானாலும் தேரக்கூடிய விதத்தில் எழுதலாம். அதற்குக் கருவியின் அனுமதி தேவையில்லை. வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைவழிப் பாடம் ஒப்புதலுக்கு வரும்போது, வேண்டுமென்றே எல்லா இடத்திலும் மோசமான முடிவையே எடுத்துக் கடைசிவரை போய்ப் பாருங்கள். சரியாகச் செய்தவர் பார்க்கும் அதே வாழ்த்துத் திரை உங்களுக்கும் வந்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.